ஊர் போனில் ஏறிய காலண்டர்

ஓசூர் சிப்காட்டுல ஒரு கம்பெனி இருக்கு. பேரு வேண்டாம். பைக்குக்கு பிரேக் செய்யுற கம்பெனின்னு சொன்னாப் போதும், அப்படிப் பல இருக்கு, ஆளாளுக்குப் பக்கத்துக் கம்பெனியை நெனச்சுக்கட்டும். எங்க ஊர் நாராயணப்பன் அங்க அசெம்ப்ளி லைன்ல சூப்பர்வைசர். நான் பேரிகை பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்ல மாட்டுத் தீவனக் கடை வெச்சிருக்கேன். கம்பெனி பஸ் என் கடை முன்னாடிதான் நிக்கும். அதனால கம்பெனிக்குள்ள என்ன நடந்தாலும் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சிரும். ஆனா இந்த விஷயம், நடக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கு மட்டுமில்ல, ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அந்த வெக்கக்கேட்டைத்தான் சொல்லப் போறேன்.

ஆரம்பிச்சு வெச்சவரு எச்.ஆர். தலைவர் ஆனந்தராஜ். யாரையும் அதட்டிப் பேச மாட்டாரு, எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டேதான் செய்வாரு. ஒருநாள் கேன்டீன்ல எல்லாரையும் கூட்டி வெச்சு மைக்கைப் புடிச்சாரு. இனிமே சூப்பர்வைசர்லேருந்து மேல இருக்கிற அத்தனை பேர் போன்லயும் கம்பெனி மெயிலும் கம்பெனி காலண்டரும் ஏறியே ஆகணுமாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒருத்தர் மீட்டிங் போட்டா, அடுத்த நொடி பாக்கெட்ல இருக்கிற போன் கத்தணுமாம். இதுக்கு சிங்க்னு பேராம். சிங்க் பண்றதுல என்ன லாபம்னு அவரே கேள்வி கேட்டு அவரே பதில் சொன்னாரு.

"காலண்டரில் இருப்பதுதான் நடக்கும். காலண்டரில் இல்லாதது நடந்தாலும் அது நடக்காததுதான். போன மாதம் நம்ம ஸ்டோர்ஸில் தீப்பிடித்தது. அதற்கு யாராவது மீட்டிங் போட்டீர்களா? போடவில்லை. அதனால்தான் எங்கள் யாராலும் வர முடியவில்லை."

எல்லாரும் கைதட்டினாங்க. கைதட்டறதுக்கும் காலண்டர்ல ரெண்டு நிமிஷம் ஒதுக்கியிருந்ததா நாராயணப்பன் சொன்னான், நான் நம்பல, அப்புறம் என் போன்லயே பாத்தேன். மாசக் கடைசிக்குள்ள யார் போன்ல சிங்க் முடியலையோ அவங்க டிஜிட்டலுக்குத் தயாரில்லாதவங்கன்னு அறிவிச்சாங்க. தயாரில்லாதவங்களை என்ன செய்வீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டா மொதல்ல அவன் போனைத்தான் வாங்கிப் பாப்பாங்க.

நாராயணப்பன் மறுநாளே போனைத் தூக்கிக்கிட்டு ஐ.டி. ரூமுக்குப் போனான். அவனுக்கு இந்தக் கம்பெனி சட்டைன்னா உயிரு. அவங்கப்பன் ஆயுசுக்கும் ஊர்ப் பெரிய நிலக்காரர் குருமூர்த்தி வீட்டு நிலத்துல கூலிக்கு நின்னவரு. அந்த வீட்டுக் கேட்டுகிட்ட வந்தா செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுக்குவாரு. அதே கேட்டு முன்னாடி நாராயணப்பன் தெனமும் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்துல அடையாள அட்டையுமா செருப்பு போட்டுக்கிட்டு நடந்து பஸ்ஸுக்கு வருவான். அந்தத் தெருவுல அப்படி நடந்த மொத ஆளு அவன். வேலை போச்சுன்னா அந்த நடையும் போச்சு. அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஐ.டி. ரூம்ல இருந்தவர் ஹரீஷ்குமார், அத்திப்பள்ளிப் பக்கத்துலேருந்து பைக்ல வர்ற இன்ஜினியர். போனை வாங்கிக் குடைஞ்சாரு. ஏறல. சர்வர் பாஸ்வேர்ட் கேட்டுச்சு, குடுத்தாரு. பழைய பாஸ்வேர்டைக் கேட்டுச்சு, அதையும் குடுத்தாரு. இந்தப் போனுக்குச் சொந்தக்காரர் நீங்கதானான்னு கேட்டுச்சு. ஆமான்னு நாராயணப்பன் சத்தமாச் சொன்னான். சர்வர் நம்பல.

அதுல சர்வர் மேல தப்பில்ல. இங்க கொஞ்சம் எங்க ஊரைப் பத்திச் சொல்லணும். புதுப் போன் வாங்கினா அது மொதல்ல ஒரு மெயில் ஐடி கேக்கும். எங்களுக்கு ஏது மெயில் ஐடி? மொபைல் கடை கிருஷ்ணப்பன் தன்னோட கடை ஐடியையே எல்லார் போன்லயும் போட்டுக் குடுத்துருவான். பாஸ்வேர்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும், கேட்டா "அதெல்லாம் எதுக்கு உனக்கு, போன் ஓடுதில்ல"ம்பான். ஆக பேரிகையில பாதிப் போன் உள்ளுக்குள்ள ஒரே ஆளு. என் சம்சாரம் போன்ல குருமூர்த்தி வீட்டுக் கல்யாண போட்டோ வந்து நிக்கும். குருமூர்த்தி போன்ல என் எருமை வந்து நிக்கும். ஊர்ல யாரும் இதைத் தப்பா எடுத்துக்கிட்டதில்ல.

ஹரீஷ்குமாருக்கு இது தெரியாது. குடைஞ்சு குடைஞ்சு சலிச்சுப்போயி, போன்ல ஏற்கெனவே இருக்கிற ஐடியோட கம்பெனி காலண்டரைக் கோத்து விட்டுட்டாரு. சரியா ஓடுதான்னு பாக்க, கம்பெனியில யார் யார் காலண்டர் இருக்கோ அத்தனையும் தெரியற மாதிரி அனுமதியும் குடுத்தாரு. அனுமதியை அப்புறமா எடுத்துர்றேன்னாரு. எடுக்கணும்னா அதுக்கு ஒரு மீட்டிங் போடணும், போடல. சிங்க் முடிஞ்சுதான்னு பாதுகாப்புக் கமிட்டி பாத்துச் சொல்லணும், கமிட்டி கூடற வரைக்கும் போன் இங்கதான் இருக்கணும்னு சொல்லி டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டாரு. கமிட்டியில இருக்கிறவங்களுக்கு அடுத்த மாசம் வரைக்கும் காலண்டர்ல எடமில்ல. அவங்க பாத்துச் சொல்ற வரைக்கும் அவன் பேரு தயாரில்லாதவங்க கணக்குலதான். நாராயணப்பன் பரண்ல கெடந்த பட்டன் போனைத் தொடச்சு எடுத்துக்கிட்டான்.

மொதல்ல வெடிச்சது கம்பெனிப் பக்கம். நான் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். எங்கிட்ட தீவனம் வாங்கறவங்க மாட்டுக்குச் சினை ஊசி போட்டா, மூணு வாரம் கழிச்சு மாடு மறுபடி பருவத்துக்கு வருதான்னு பாக்கச் சொல்லி ஞாபகப்படுத்துவேன். அதை போன் காலண்டர்லதான் போட்டு வெப்பேன். சரசம்மாவோட மாட்டுக்கு "கறுப்பு மாடு, காலை ஏழு மணி"ன்னு போட்டிருந்தேன். அது கிருஷ்ணப்பன் ஐடி வழியா ஏறி, நாராயணப்பன் பேர்ல கம்பெனி சர்வருக்குப் போயி, அங்கேருந்து மேனேஜருங்க அத்தனை பேர் போன்லயும் மீட்டிங்கா எறங்கிருச்சு.

அந்தக் கம்பெனியில ஒரு மரியாதை இருக்கு. மீட்டிங் எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது. கேட்டா உனக்கு விஷயம் தெரியலைன்னு ஆயிரும். பிளான்ட் ஹெட்டு மொத ஆளா வர்றேன்னு அமுக்கினாரு. அவர் அமுக்கினதும் மத்தவங்க அமுக்கினாங்க. ஏதோ பெரிய வண்டிக் கம்பெனியோட புது மாடலுக்கு வெச்ச ரகசியப் பேருன்னு அவங்களாவே முடிவு பண்ணிக்கிட்டாங்க. காலையில ஏழு மணிக்கு ஏ.சி. ரூம்ல எல்லாரும் டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க, ஸ்கிரீன்ல "பிராஜெக்ட் கறுப்பு மாடு"ன்னு எழுத்து நிக்குது, நாராயணப்பனைக் கூப்பிட்டு நிலவரம் என்னான்னு கேக்கறாங்க.

அவன் சரசம்மாவுக்குப் பக்கத்து வீடு. மாட்டைப் பத்திக் கேட்டா தெரிஞ்சதைச் சொல்லித்தானே ஆகணும்? ஊசி போட்டாச்சு சார், புடிச்சிருக்கான்னு இன்னும் ரெண்டு நாள்ல தெரிஞ்சிரும்னான். பிளான்ட் ஹெட்டு தலையாட்டினாரு. குவாலிட்டி மேனேஜர், ஒருவேளை புடிக்கலைன்னா என்ன ஏற்பாடுன்னு கேட்டாரு. திரும்ப ஊசி போட வேண்டியதுதான் சார்னான். மறுவேலைக்கு வாய்ப்பு உண்டுன்னு குறிச்சுக்கிட்டாங்க. பர்ச்சேஸ்காரர், சப்ளை யாருன்னாரு. கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரி சார்னான். கவர்மெண்ட்டுன்னதும் ரூமே நிமிந்து உக்காந்துச்சாம். கடைசியில பிளான்ட் ஹெட்டு எழுந்து, "நம்ம கம்பெனியில் இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஒருவரை நான் இன்றுதான் பார்க்கிறேன்"னு சொல்லி, பிராஜெக்ட்டுக்குப் பச்சை நெறம் குடுத்து, வாரா வாரம் கூடணும்னு முடிவு பண்ணிட்டாரு. நாராயணப்பன் வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தான். கம்பெனி பால் வியாபாரத்துல எறங்குதோ என்னமோன்னு எங்கிட்ட கேட்டான். பெரிய மனுஷங்க அத்தனை பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துத் தலையாட்டறப்ப, தான் மட்டும் எப்படிக் கேக்கறதுன்னு அவனுக்குக் கூச்சமாப் போச்சு.

இதே நேரத்துல இந்தப் பக்கம் எங்க போனுங்க கத்த ஆரம்பிச்சிருந்துச்சு. தக்காளி பறிச்சுக்கிட்டிருக்கிறவன் பாக்கெட்ல "மேனேஜ்மெண்ட் ரிவ்யூ"ன்னு கத்துது. பால் கறக்கிற பொம்பளை இடுப்புல "காஸ்ட் கட்டிங்"னு கத்துது. பிளான்ட் ஹெட்டு எப்ப பல் டாக்டர்கிட்ட போறாருன்னு ஊருக்கே தெரியும். வருவீங்களா மாட்டீங்களான்னு போன் கேக்கும், பதில் சொல்லாம விட்டா திரும்பத் திரும்பக் கேக்கும். கிருஷ்ணப்பன்கிட்ட போனா, புது அப்டேட்டு, அப்படித்தான் இருக்கும், வர்றேன்னு அமுக்கிருங்கன்னான். அமுக்கினா சத்தம் நிக்குது. அதனால எது வந்தாலும் பாக்காம அமுக்கிட்டுப் போயிருவோம்.

அப்படித்தான் ஒருநாள் அதுவும் வந்துச்சு. "எக்சிட் டிஸ்கஷன், நாராயணப்பன், அசெம்ப்ளி. பதினைந்து நிமிடம். அடையாள அட்டை திரும்பப் பெற வேண்டும். டீ தேவையில்லை." எக்சிட்னா என்னான்னு தியேட்டர்ல படம் பாத்தவனுக்கெல்லாம் தெரியும். நான் கட்டை வெரல்ல அமுக்கினதுக்கு அப்புறம்தான் முழுசாப் படிச்சேன். ஊர்லயும் அப்படித்தான். எல்லாரும் மொதல்ல வர்றேன்னு அமுக்கிட்டு, பின்னாடி படிச்சுட்டு, அடப்பாவின்னு உக்காந்துட்டாங்க. தேதி பாத்தா ரெண்டு வாரம் இருக்கு. எந்த மீட்டிங்கா இருந்தாலும் ரெண்டு வாரம் முன்னாடி போடணும்ங்கிறது ஆனந்தராஜ் வெச்ச சட்டம்.

சம்பந்தப்பட்டவனுக்கு மட்டும் தெரியல. அவன் போன்தான் டிராயர்ல கெடக்குதே.

யார் சொல்றது? நீ சொல்லு, நான் சொல்றேன்னு ஆளாளுக்குத் தள்ளி விட்டோம். அவன் தெனமும் இஸ்திரி கலையாம நடந்து வர்றான், எங்களைப் பாத்துச் சிரிக்கிறான், நாங்க கீழ பாக்கறோம். சொல்ல வாய் வரல. அதுக்குப் பதிலா அன்பு காட்ட ஆரம்பிச்சுட்டோம். அவன் வீட்டு வாசல்ல பீன்ஸு மூட்டை வந்து எறங்குது, கோசு வந்து எறங்குது. சரசம்மா தயிரு குடுத்தனுப்பறா. முடி வெட்டறவன், அண்ணா நீங்க உக்காருங்கன்னு வரிசையில நிக்கிறவனை எழுப்பி விடறான். நானே என் பங்குக்கு தெனமும் ஒரு டீ சொல்லி வெச்சேன். நாராயணப்பன் வீட்டுக்காரி காவேரி போனும் கிருஷ்ணப்பன் கடைப் போன்தான். அவளுக்கும் தெரியும். அவன் ஒருநாள் அவகிட்ட, எனக்கு ஏதாச்சும் பெரிய வியாதியா, டாக்டர் உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரான்னு கேட்டிருக்கான். அவ ரெண்டு கரண்டி கூடச் சோறு போட்டுட்டு உள்ள போயிட்டா.

எல்லாத்துக்கும் மேல குருமூர்த்தி வந்தாரு. மனுஷன் நெசமாவே நல்லது செய்யறதா நெனச்சுத்தான் வந்தாரு. என் கடை வாசல்ல காரை நிறுத்தி, நாலு பேர் எதுக்க அவன் தோள்ல கையைப் போட்டாரு.

"நாராயணா, நம்ம ரோஜாத் தோட்டத்து ஷெட்டு இருக்குது. எப்ப வேணாலும் வா, வேலை தர்றேன். வெக்கப்படாத, உங்கப்பன் நின்ன எடந்தானே."

நாராயணப்பன் மூஞ்சி செத்துப்போச்சு. அவர் எதுக்கு இதைச் சொல்றாருன்னு அவனுக்குப் புரியல. ஆனா அந்தக் கடைசி வார்த்தை எங்க போயிக் குத்தணுமோ அங்க குத்திருச்சு. நேரா வீட்டுக்குப் போயிட்டான். நாங்க அங்கதான் நின்னுக்கிட்டிருந்தோம். அப்பவும் ஒருத்தன் வாயைத் திறக்கல.

திறந்தவ சுகுணா. அவளும் அதே தெரு, அவன் லைன்லயே காண்ட்ராக்ட்ல பிரேக் பாகத்துல பிசிறு தட்டற வேலை. அவகிட்ட போன் கெடையாது. வீட்டுக்காரன் ஆஞ்சப்பன் போன்ல வந்ததைப் பாத்தவ. ஒரு வாரம் பொறுத்துப் பாத்துட்டு, எட்டாம் நாள் கம்பெனி பஸ்ல அவன் பக்கத்து சீட்ல வந்து உக்காந்தா.

"அண்ணா, உன்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்க. எங்க வீட்டுக்காரர் போன்ல வந்துச்சு, ஊர்ல எல்லார் போன்லயும் வந்துச்சு. இவங்க தர்ற கோசும் தயிரும் அதுக்குத்தான். ஒரு வாரமா உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சொல்லாம வர்றேன், எனக்கே கேவலமா இருக்கு."

பின்னாடி எங்கிட்ட சொல்றப்ப நாராயணப்பன் அழுதான். வேலை போகுதேன்னு அழல. இத்தனை நாள் இவங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு, அவங்க முன்னாடி நான் சட்டையை நீவி விட்டுக்கிட்டு நடந்திருக்கேனேன்னு அழுதான். எனக்கு அங்க நிக்கவே கூசுச்சு.

அன்னைக்குக் கம்பெனி போனதும் நேரா ஐ.டி. ரூமுக்குப் போயிருக்கான். ஹரீஷ்குமார் டிராயரைத் திறந்து போனை எடுத்துப் பாத்தாரு. உள்ள எக்சிட் மீட்டிங் அழகா உக்காந்திருக்கு. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சார், சிங்க் ஆயிடுச்சு பாருங்க"ன்னு கையைக் குலுக்கினாரு. என் வேலை போகுது சார், இதை நிறுத்த முடியுமான்னு இவன் கேட்டான். முடியும், டிக்கெட் போடுங்கன்னாரு. டிக்கெட்னா கம்ப்யூட்டர்ல போடற புகார், அதுல பிரச்சினை என்னான்னு தேர்ந்தெடுக்கணும். பிரிண்டர் இருக்கு, மவுஸ் இருக்கு, கீபோர்டு இருக்கு. வேலைங்கிறது இல்ல. மற்றவைன்னு போட்டாங்க. மற்றவைக்குப் பதில் வர ஒரு மாசம் ஆகும்.

மீட்டிங் நாளும் வந்துச்சு. காலையில பஸ் ஸ்டாப்ல வழக்கத்தைவிடக் கூட்டம். வேலை இல்லாதவனும் வந்து நிக்கிறான். காவேரி சட்டைக்கு ரெண்டு தடவை இஸ்திரி போட்டிருப்பா போல, மடிப்பு கத்தி மாதிரி நின்னுச்சு. அவன் யாரையும் பாக்காம பஸ் ஏறினான். அவனுக்கு முன்னாடியே ஏறி உக்காந்திருந்த சுகுணா ஜன்னல் சீட்டை விட்டுக் குடுத்தா.

ரூமுக்குள்ள நடந்ததை அவன் எனக்குச் சொன்னபடியே சொல்றேன். ஒத்த ஆளுக்கு புரொஜெக்டர் போட்டு வெச்சிருந்தாங்க. "நன்றி நாராயணப்பன்"னு ஸ்கிரீன்ல ஒரு பூங்கொத்து. ஆனந்தராஜ் எழுந்து நின்னு கையைக் குடுத்து உக்கார வெச்சாரு. நாங்கள் யாரையும் அனுப்புவதில்லை, காலண்டர்தான் அனுப்புகிறது, நாங்கள் உடன் இருக்கிறோம், அவ்வளவுதான்னாரு. அப்புறம் கம்ப்யூட்டரைப் பாத்து நெஞ்சுல கையை வெச்சாரு.

"ஒன்று சொல்ல வேண்டும். இந்த மீட்டிங்கை நாங்கள் அனுப்பிய ஒரே நிமிடத்தில் வருகிறேன் என்று சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். என் சர்வீஸில் தன் எக்சிட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் சம்மதம் கொடுத்தவர் யாரும் இல்லை."

நான் குடுக்கலையே சார்னான் நாராயணப்பன். குடுத்திருக்கிறீர்கள், இதோ பச்சை டிக்குன்னாரு. குடுத்தது நாங்க. நானும் பீன்ஸு குடுத்தவங்களும் தயிரு குடுத்தவளும். ஆனா அது அவங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் அப்பத் தெரியாது. அவன் கடைசி மூச்சைப் புடிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டான். என் போன்ல சிங்க் ஆகலைன்னுதானே சார் என்னை அனுப்பறீங்க, சிங்க் ஆகாத போன்ல நான் எப்படி சார் சம்மதம் குடுத்திருக்க முடியும்?

ஆனந்தராஜுக்குச் சிரிப்பு நின்னு போச்சு. அவர் சர்வீஸ்ல இப்படி ஒரு சிக்கல் வந்ததில்ல. ஹரீஷ்குமாரைக் கூப்பிட்டாங்க. டிராயர்ல இருந்த போன் வந்துச்சு. ஆமா சார், முழு சிங்க், ரெண்டு வாரமாவே முழு சிங்க்னு அவர் சாட்சி சொன்னாரு. உடனே புரொஜெக்டர்ல பூங்கொத்து போயி "வாழ்த்துகள் நாராயணப்பன்"னு வேற பூங்கொத்து வந்துச்சு. எக்சிட் ரத்து. டீ வேண்டாம்னு எழுதினதை அடிச்சுட்டு டீயும் சொன்னாங்க.

நாராயணப்பன் எழுந்து கும்பிட்டுட்டுக் கதவுகிட்ட போயிட்டான். ஆனந்தராஜ் உக்காருங்கன்னாரு. இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கின்னாரு.

"இந்த மாதம் அசெம்ப்ளியில் ஒரு எக்சிட் என்று மேலிடத்துக்கு மெயில் போய்விட்டது. போன மெயிலைத் திரும்ப வாங்க முடியாது. ஆளைத்தான் மாற்ற முடியும். உங்கள் லைனை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். டிஜிட்டலுக்குத் தயாரில்லாதவர், உதாரணமாக போனே இல்லாதவர், யாராவது இருப்பார்களே?"

அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்கன்னு டீயை அவன் பக்கம் நகர்த்தி வெச்சாரு. நாராயணப்பன் யோசிக்கல. அதைத்தான் எங்கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னான். யோசிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன், டீ ஆறதுக்குள்ள வாயில வந்துருச்சுன்னான். சுகுணாங்கிற பேரை ஆனந்தராஜ் எழுத்துக் கூட்டிக் கேட்டுக்கிட்டாரு. அதோட விடல. புதுசா சிங்க் ஆன போன், மொத மீட்டிங்கை நீங்களே உங்க கையால போடுங்கன்னு போனை அவன் கையில குடுத்து, எங்க அமுக்கணும், எப்படித் தேதி வெக்கணும்னு பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாரு. ரெண்டு வாரம் தள்ளி, பதினைஞ்சு நிமிஷம். அமுக்கி முடிச்சதும் ஹரீஷ்குமார் கைதட்டினாரு. போட்டோ எடுத்தாங்க. அந்தம்மாவுக்கு மெயில் இல்லாததால அன்னைக்கு நீங்களே நேர்ல கூட்டிக்கிட்டு வந்துருங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் எங்க போனெல்லாம் ஒண்ணாக் கத்துச்சு. மொதல்ல ரத்துன்னு வந்துச்சு. நாங்க கடை முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் புடிச்சுக்கிட்டோம். காவேரி ஓடி வந்து எங்கிட்ட படிச்சுக் காட்டச் சொல்லி ரெண்டு தடவை கேட்டா. ரெண்டாவதா வந்துச்சு, "எக்சிட் டிஸ்கஷன், சுகுணா, அசெம்ப்ளி." கீழ, கூட்டம் போட்டவர்ங்கிற எடத்துல நாராயணப்பன். காவேரி என் போனை வாங்கி அதைத் தானே படிச்சா. போனை எங்கிட்ட குடுத்துட்டு முந்தானையை வாயில பொத்திக்கிட்டுப் போயிட்டா.

சாயங்காலம் பஸ்ல சுகுணா மறுபடி அவன் பக்கத்துலதான் உக்காந்தா. கம்பெனிக்குள்ள ரத்துங்கிற சேதி மட்டும் பரவியிருந்துச்சு. நான் சொன்னது பொய்யாப் போச்சு, நல்லதாப் போச்சுண்ணான்னு சிரிச்சிருக்கா. வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்திருக்கா, காவேரி அண்ணி எப்படிச் சந்தோஷப்படுவாங்கன்னு, குருமூர்த்தி மூஞ்சி எப்படிப் போகும்னு. நடுவுல அவன் பாக்கெட்ல போன் கத்துச்சாம். என்னண்ணா சத்தம்னு கேட்டாளாம். கம்பெனி மெயிலு, இப்பத்தான் வேலை செய்யுதுன்னானாம்.

பஸ் வந்து நின்னப்ப நாங்க அத்தனை பேரும் அங்கதான் நின்னோம். சுகுணா மொதல்ல எறங்கினா. சரசம்மா ஓடிப்போயி அவ கையில இருந்த பையை வாங்கிக்கிட்டா. குருமூர்த்தி காருக்குள்ளேருந்து, புள்ளைங்க நல்லாப் படிக்குதாம்மான்னு கேட்டாரு. அவ என் கடைக்குத் தவிடு வாங்க வர்றப்ப ஒருநாளும் நான் தலைநிமிந்து பேசினதில்ல. அன்னைக்கு நான் டீயைக் கையில புடிச்சுக்கிட்டு, சாப்பிடும்மா சூடா இருக்குன்னேன்.

அவ டீயை வாங்கிக்கிட்டா. எல்லார் மூஞ்சியையும் வரிசையாப் பாத்தா. கூட்டத்துக்குப் பின்னாடி ஆஞ்சப்பன் நின்னுக்கிட்டிருந்தான். அவன் ஒருநாளும் அவளைக் கூப்பிட பஸ் ஸ்டாப்புக்கு வந்தவனில்ல. அவனைப் பாத்ததும் அவ சிரிப்பு போயிருச்சு. டீயை என் கடைத் தராசுத் தட்டு மேல வெச்சுட்டுத் திரும்பினா. நாராயணப்பன் அப்பத்தான் பஸ் படியை விட்டு எறங்கறான்.

"அண்ணா, எந்தத் தேதி?"ன்னா.

சத்தம் போடல, திட்டல. எல்லாரும் அவனைப் பாத்தோம். தேதி அவனுக்குத் தெரியும், அவன் கையால வெச்ச தேதிதான். ஆனாலும் பாக்கெட்லேருந்து போனை எடுத்து, குனிஞ்சு, அதைப் பாத்துத்தான் சொன்னான்.